கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்க

என் கடையில் ஒரு நாளைக்கு நாலு முறையாவது காதில் விழும் பேச்சு இது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வரும் காலேஜ் பையன் சொல்வான். வரன் பார்க்கிற பெண்ணைக் கூட்டி வரும் அம்மா, பெண்ணுக்குக் கேட்காத மாதிரி கவுண்டரில் குனிந்து சொல்வார். போன வருடம் ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கொண்டுவந்தார். "அப்பா கொஞ்சம் கறுப்புண்ணே, பாத்துப் பண்ணுங்க" என்றார். செத்த பிறகும் மனுஷனுக்கு விடுதலை இல்லை.

நானே நல்ல கறுப்பு. 1989-ல் பத்தாவது முடித்த கையோடு சாத்தூர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் டார்க்ரூம் பையனாகச் சேர்ந்தேன். அண்ணாச்சி முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்: நெகட்டிவ். "ஏலே நெகட்டிவ், டிரேயைக் கழுவு." கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். எட்டு வருடம் சிரித்தேன். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, என் அக்கா கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் கெட்டவர்களைத் தேடிக்கொண்டு போனால் யாருமே கிடைக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து டச்சிங் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கறுப்பாகத் தெரியும், கறுத்த முகம் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும். சாய்வான மரப்பலகையில் ஒரு தேய்த்த கண்ணாடி, அதற்குக் கீழே பல்பு. கண்ணாடி மேல் நெகட்டிவை வைத்து, பிடிமானத்துக்கு வார்னிஷ் மாதிரி ஒன்றைத் தடவி, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் சின்னச் சின்னச் சுழியாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பென்சில் கரி ஏறின இடத்தில் வெளிச்சம் குறைவாகப் போகும், பிரிண்டில் அந்த இடம் வெளுத்து விழும். அதாவது நெகட்டிவில் கறுப்பு ஏற்றினால் போட்டோவில் வெள்ளை ஏறும். ஊரில் பாதிப் பெண்களின் முகத்தை நான் இப்படிக் கரி பூசித்தான் வெள்ளையாக்கினேன். நெகட்டிவ் என்று பெயர் வாங்கியவன் கையாலேயே.

1997-ல் சொந்தக் கடை. 2006 வாக்கில் டிஜிட்டல். பென்சில் போய் போட்டோஷாப் வந்தது. ஒரு மணி நேர வேலை ஒரு கோட்டை வளைத்தால் முடிந்தது. கர்வ்ஸ் என்று ஒன்று இருக்கிறது, நடுவில் பிடித்து மேலே இழுத்தால் முகம் பளபளவென்று வெளுக்கும். கேட்டவர்களுக்கு மட்டும் செய்துகொண்டிருந்தவன், வேலை சுளுவானதும் கேட்காதவர்களுக்கும் செய்ய ஆரம்பித்தேன். யாரும் குறை சொல்லவில்லை, கூட்டமும் கூடியது. அந்தக் கடையில் எடுத்தா நல்லா விழும் என்று பெயர் வேறு.

2013-ல் ஒரு பெண். பி.எட். முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பெண்ணும் வந்து மேக்ஸி சைஸில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று கலர் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நானாகத்தான் இழுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்து, படத்தைக் கவுண்டரில் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அண்ணே, இது யாரு?"

"நீதாம்மா."

"நான் இல்லண்ணே. என் மூக்கு, என் கண்ணு இருக்கற வேற ஒரு பொண்ணு. அவளைப் பாக்கத்தான் அவங்க வந்தாங்க. வந்து பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுட்டு, போட்டோவில வேற மாதிரி இருந்துச்சேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் உங்ககிட்ட வெளுக்கச் சொன்னேனா?"

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. இருக்கிறபடி ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்றாள். கம்ப்யூட்டரில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. இடத்தை மிச்சம் பிடிக்க ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணியிருந்தேன். அவள் உண்மையில் எப்படி இருந்தாள் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை, கடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்த அவளைத் தவிர.

இன்னொரு படம் எடுக்கிறேன் என்றதற்கு, "உங்க கடையில வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு மந்தமான மத்தியானம், ஆடி மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆட்கள் எட்டு கேட்டு ஆறு எடுத்துக்கொண்டு விட்டுப்போகும் பாஸ்போர்ட் படங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். நான் கை வைக்காத பழைய ஃபிலிம் காலத்துப் படங்களாகப் பொறுக்கி, சும்மா ஒரு விளையாட்டுக்கு, கறுத்த முகத்திலிருந்து வெளுத்த முகம் வரை மேஜையில் அடுக்கினேன். நூறு படத்துக்கு மேல் வந்தது. பக்கத்துப் பக்கத்து இரண்டு படங்களுக்கு நடுவே வித்தியாசமே தெரியாது. ஆனால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். இந்த வரிசையைக் கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்றாக வெட்டு என்று யாராவது சொன்னால் கத்தரிக்கோலை எங்கே வைப்பேன்? முப்பது வருடமாக நிறத்தை வைத்துச் சாப்பிடுகிறவன் நான். எனக்கே தெரியவில்லை. அண்ணன் வரிசையின் இந்த முனையிலும் தங்கை அந்த முனையிலும் கிடந்தார்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கோயில் குருக்களின் பையனுக்குப் பக்கத்தில் கொத்தனாரின் பையன். பாய் கடைப் பெண்ணுக்கும் பஞ்சாயத்துத் தலைவர் மகளுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு, விலங்கியல் எடுத்திருந்தாள். பார்த்துவிட்டு, "இப்ப இதையே மூக்கு அகலத்தை வச்சு அடுக்குங்கப்பா" என்றாள். அடுக்கினேன். வரிசை மொத்தமாகக் கலைந்து வேறு மாதிரி வந்தது. நிறத்தில் கடைசியில் இருந்தவர் மூக்கில் நடுவுக்கு வந்தார். முடிச் சுருளை வைத்து அடுக்கியிருந்தால் மூன்றாவதாக ஒரு வரிசை வந்திருக்கும். நிறமும் மூக்கும் முடியும் மூட்டை கட்டிக்கொண்டு ஒன்றாக வருவதில்லை, தனித்தனியாக வந்து சேருகின்றன. மனித இனங்கள் என்று தனித்தனிப் பெட்டிகள் உண்டா என்ற கேள்விக்கு நான் கையால் தொட்டுப் பார்த்த பதில் அந்த மேஜைதான். பிற்பாடு அவள் கல்லூரியில் படித்துவிட்டுச் சொன்னாள்: 1972-லேயே ரிச்சர்ட் லெவான்டின் என்ற மரபியல் அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாராம். மனிதர்களுக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. வெள்ளையர், கறுப்பர் என்று நாம் பிரிக்கிற பெரிய பிரிவுகளுக்கு இடையில் மிஞ்சுவது ஆறு சதவீதம் மாதிரி.

நிறத்துக்கும் அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். நிறம் கொடுக்கிற செல்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், அவை செய்து அனுப்பும் மெலனின் பொட்டலங்களின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. எஸ்எல்சி24ஏ5 என்று ஒரு மரபணு. கோடு வெளிறிப்போன ஜீப்ரா மீன் ஒன்றை ஆராயப்போய் 2005-ல் அதைப் பிடித்தார்கள். ஐரோப்பியர்களின் தோலை வெளுக்க வைத்ததில் பெரிய பங்கு அதில் ஏற்பட்ட ஒரே ஒரு எழுத்து மாற்றத்துக்கு. அதே மாற்றம், அதே மூலத்திலிருந்து வந்தது, நம் ஊர்ப்பக்கமும் பரவிக் கிடக்கிறது என்று 2013-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரே வீட்டில் அக்காவுக்கு அது கிடைத்துத் தம்பிக்குக் கிடைக்காமல் போகலாம். அப்படியென்றால் அக்கா ஒரு இனம், தம்பி ஒரு இனமா?

இதை எல்லாம் கேட்ட பிறகு எனக்குக் கேமரா மேலேயே ஒரு கோபம் வந்தது. பெட்டி கட்டும் வேலைக்கு முதலில் கூலியாளாகப் போனதே எங்கள் தொழில்தான். 1868-லிருந்து 1875-க்குள் இந்திய மக்களை வகை பிரித்துக் காட்ட ஆங்கிலேய அரசு எட்டுத் தொகுதியாக ஒரு போட்டோ ஆல்பமே போட்டது, நானூறுக்கும் மேல் படங்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் வகுத்துச் சாதிக்கு ஒரு எண் போட்டார். சென்னை எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை வைத்து நம் ஆட்களின் மூக்கை அளந்தார். என் மேஜையில் ஒரு மத்தியானத்தில் கலைந்த வரிசையை அவர்கள் ஆயுசு முழுக்க அளந்து அடுக்கியிருக்கிறார்கள். பெட்டிகளின் எண்ணிக்கையிலும் ஒற்றுமை இல்லை. உயிர்களை வகை பிரித்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸுக்கு உலகம் முழுக்க நாலு, ஜெர்மன் அறிஞர் புளூமன்பாக்குக்கு ஐந்து, ரிஸ்லிக்கு இந்தியாவுக்குள் மட்டும் ஏழு.

தென்னாப்பிரிக்காவில் 1950-ல் ஆளாளுக்கு இனம் பதிய சட்டம் போட்டார்களே, அங்கே சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம். பென்சில் நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு விழுந்து ஒருவருக்கு நின்று, வீடே இரண்டானது உண்டு. இதைப் படித்தபோது என் டச்சிங் பென்சில் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, பெட்டி பொய். அதனால் அடியும் பொய் ஆகிவிடுமா? இனமே கிடையாது, எல்லாம் ஒண்ணுதான் என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? பஜ்ஜி சாப்பிட்டவர்கள் மரபணு பார்த்துவிட்டா எழுந்து போனார்கள்.

இதை எப்படி அழைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். இனவெறி என்று சொல்ல முடியாது. வந்தவர்களும் அவளும் ஒரே ஊர், ஒரே சாதி, சொந்தம் என்றுகூடச் சொல்லலாம். தவிர, நம் தமிழில் இனம் என்ற வார்த்தை ரொம்ப வேலை பார்க்கிறது. நாட்டு மாட்டு இனம், பெண்ணினம், தமிழினம், இனஞ்சனம் எல்லாவற்றுக்கும் அதேதான். குறளில் சிற்றினம் சேராமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, அங்கே இனம் என்றால் கூடிப் பழகும் கூட்டம். 'இனம் என்று ஒன்று இல்லை' என்று மொட்டையாகச் சொன்னால் பாதிப் பேருக்கு என்ன சொல்கிறோம் என்றே புரியாது, மீதிப் பேருக்குத் தமிழனே இல்லை என்கிறாயா என்று கோபம் வரும். இப்போதெல்லாம் நான், மனுஷனை உடம்பை வைத்து வகை பிரிக்க முடியாது என்று சொல்கிறேன். நீளம்தான், ஆனால் சண்டை வருவதில்லை.

நிறமும் இனமும் வேறு வேறு என்பதை எனக்குக் காட்டியவள் மிசோரத்திலிருந்து எங்கள் ஊர் பியூட்டி பார்லருக்கு வேலைக்கு வந்த ஒரு பெண். படம் எடுக்க வந்தாள். எந்த நிறத்துக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் அவளிடம் போய்ப் பணம் கொடுத்து முகத்தை நீட்டுகிறார்களோ அந்த நிறம் அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. ஆனால் அவளுக்கு வீடு கிடைக்கவில்லை. தெருவில் பையன்கள் சைனாக்காரி என்று கத்துவார்கள். 2014 ஜனவரியில் டெல்லியில் நிடோ தானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவனைக் கேலி பேசி, கைகலப்பாகி, அடித்து, அவன் இறந்தே போனான். அவன் பிறந்த நாடு இதுதான், நிறமும் வெளுப்புதான். அது இனவெறி. அங்கே அந்த வார்த்தை சரியாக உட்காருகிறது. நிறவெறி என்று சொன்னால் அவன் செத்த காரணமே மறைந்துபோகும்.

சாதியும் அப்படியே. "பாத்தா அந்த ஆளு மாதிரி தெரியலையே" என்று நிறத்தை வைத்துச் சாதியை மோப்பம் பிடிக்கிறவர்கள் உண்டு. என் பிஸ்கட் டப்பா அவர்களைப் பொய்யாக்கும். ஆனால் வெளுப்பாக இருப்பதால் மட்டும் சாதி யாரையும் விட்டுவிடுவதில்லை. 2001-ல் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன, சாதி என்பது இனம் இல்லை என்று சொல்லி இந்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. இனம் இல்லைதான். அதனால் என்ன, வலி குறைவா? பெயரைப் பிரித்து வைப்பது ஒன்றை இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிக்காமல் இருக்க. பெயர் பொருந்தவில்லை என்று சொல்லிப் பிராதையே தள்ளிவிடுவது வேறு கதை.

அப்புறம் நிறவெறி. செய்தித்தாளில் தென்னாப்பிரிக்கா பற்றிப் படித்துப் பழகிய சொல். இரண்டொரு முறை கடையில் சொல்லிப் பார்த்தேன். குனிந்து கேட்ட ஒரு அம்மாவிடம், இதெல்லாம் நிறவெறிம்மா என்றேன். "எனக்கா வெறி? பிள்ளை கரை சேரணுமேங்கற கவலை தம்பி" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அவர் சொன்னதும் சரிதானே. வெறி என்றால் யாரும் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்தில் நிறப் பாகுபாடு என்று எழுதலாம், புகார் மனுவில் அதுதான் சரி. ஆனால் வாயில் வராது. எந்த அம்மாவும் வீட்டில் பாகுபாடு என்று பேசுவதில்லை.

வார்த்தை கடைசியில் ஒரு டீக்கடையில் கிடைத்தது. யாரோ யாரிடமோ, "அவங்க வீட்ல சாதி பாப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாள் பார்க்கிறோம், சகுனம் பார்க்கிறோம், தீட்டுப் பார்க்கிறோம், சாதி பார்க்கிறோம். அதே மாதிரி இது நிறம் பார்க்கிறது. அவ்வளவுதான். விளக்கமே வேண்டாம். "நீங்க நிறம் பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டால் அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று தைக்கும், ஆனால் ஓட மாட்டார். 'பார்க்கிறது' என்பது செய்கிற காரியம், இன்றைக்குப் பார்க்கிறவர் நாளைக்குப் பார்க்காமல் இருக்கலாம். வெறி என்றால் ஆளே அப்படி என்று ஆகிவிடும். அண்ணாச்சியை நான் வெறியர் என்று சொல்ல மாட்டேன். அண்ணாச்சி நிறம் பார்த்தார். நானும் பார்த்தேன், பார்த்து வெளுத்தேன்.

நம் ஊரில் நிறம் பார்க்கிறது எங்கே ஒளிந்துகொள்கிறது என்று கவனித்தால் எல்லாம் பாராட்டு மாதிரியே இருக்கும். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதற்குள்தான் மொத்தமும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். பாட்டி காது மடலைத் திருப்பிப் பார்த்து, "இது பின்னால கறுத்துரும்" என்று தீர்ப்பு சொல்வார். நான் கேமராவை இறக்கிவிட்டு, "எத்தனை கிலோ பாட்டி?" என்று கேட்பேன். பேச்சு எடைக்குப் போகும், அப்புறம் யார் தூக்கினால் அழுகை நிற்கிறது என்பதற்குப் போகும். விரிவுரை ஆற்றினால் வேலைக்கு ஆகாது, பேச்சை மாற்றினால் ஆகிறது. ஆனால் பிள்ளை நாலு வயசாகி, காதில் விழும் வயதில் இருந்தால் பேச்சை மாற்ற மாட்டேன். பிள்ளை கேட்கவே சொல்லிவிடுவேன்: "நிறம் பாக்காதீங்க, இங்க அது வேண்டாம்." அந்தப் பிள்ளைக்கு ஒருத்தராவது சொன்னார்கள் என்று இருக்கட்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கறுப்பே அழகு என்ற பிரச்சாரங்கள் வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். டார்க் இஸ் பியூட்டிஃபுல் என்று 2009-ல் ஆரம்பித்ததே சென்னையிலிருந்து இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்புதான். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு. அழகாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? அந்த பி.எட். பெண் அழகி என்று சான்றிதழ் கேட்டு வரவில்லை. தன் முகம் தன் முகமாக விழ வேண்டும் என்று கேட்டாள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் 2020-ல் பெயரிலிருந்து வெளுப்பை எடுத்துவிட்டது, சில கல்யாணத் தளங்களில் நிறம் கேட்கும் கட்டமும் போனது. தரகர் வாயிலிருந்து போகவில்லை. நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவைப் பாருங்கள்: சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம். நிறம் இல்லை. 1965-ல் ஐ.நா. போட்ட இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் இனத்துக்கு அடுத்த வார்த்தையே நிறம், அதை 1968-ல் இந்தியாவும் ஏற்றிருக்கிறது. இங்கே வீட்டுக்குள் நடப்பது எந்தச் சட்டத்தின் வாசல்படியையும் ஏறாது என்பது வேறு விஷயம்.

தொழிலில் நான் மாற்றிக்கொண்டதையும் சொல்ல வேண்டும், இளைய போட்டோகிராபர்களுக்கு உதவும். ஒரிஜினல் மேல் எதையும் சேவ் பண்ணுவதில்லை, எத்தனை ஹார்ட் டிஸ்க் ஆனாலும் சரி. யாராவது கலர் ஏத்தச் சொன்னால், "வெளிச்சம் ஏத்தறேன், கலர் ஏத்த மாட்டேன்" என்பேன். இது வெறும் வாய்ச்சொல் இல்லை. கறுத்த முகம் படத்தில் சரியாக விழாமல் போவதற்குப் பாதிக் காரணம் நாம்தான். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை நிறைந்திருந்தால், வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து குறைத்துவிடும், முகங்கள் கரியாகும். பழி முகத்தின் மேல் விழும். ஃபிலிம் கம்பெனிக்காரர்களே ஷெர்லி கார்டு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் பிரிண்டிங் கலரைச் சரி பார்க்கச் சொன்னார்கள், 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள். அவள் முகம் சரியாக வந்தால் எல்லோரும் சரி என்று கணக்கு.

நேராக முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பக்கவாட்டில் பெரிய சாஃப்ட்பாக்ஸ், மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல். பவுடரை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், கறுத்த தோலில் பவுடர் சாம்பல் பூத்த மாதிரி விழும். கன்னத்திலும் நெற்றியிலும் லேசான பளபளப்பு இருக்கட்டும், அந்த மினுக்கில்தான் முகத்தின் வடிவமே எழுந்து வரும். பின்னணியில் தனியாக ஒரு லைட் வைத்தால் முடியும் சுவரும் ஒட்டாது. அளவு பார்க்க ஒரு பழைய வித்தை உண்டு: உள்ளங்கை. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கையில் மீட்டர் காட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், நடுச்சாம்பலை விட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம். உள்ளங்கையில் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துவிட்டு யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். கலர் கூட்டாமலே முகம் துலங்கும். கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கே என்று பெண்கள் சொல்லும்போது அம்மாக்களுக்கு அடுத்த பேச்சு வராது.

வராது என்று சொன்னேனே, எப்போதும் அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். மொபைலில் ஃபில்டர் இருக்கும்போது நான் யார் தடுக்க.

மகள் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். போன புதிதில் அறை தேடியபோது ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, உங்கள் இனம் என்ன? அங்கே குடிமக்களின் அடையாள அட்டையிலேயே இனம் என்று ஒரு வரி உண்டு. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நாலு கணக்கு. 1989-லிருந்து அரசு வீடுகளில் எந்த இனம் எத்தனை பேர் என்று விகிதமே வைத்திருக்கிறார்கள், ஒரே கூட்டமாக ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக. "இல்லாத ஒண்ணை ஃபாரத்துல நிரப்பறேம்பா" என்று சிரித்தாள். அறை இரண்டு இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு இனப்பாகுபாடு என்றே பெயர் சொன்னாள், நிறம் பார்க்கிறது என்று சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "இங்க என்னோட ரூம்ல இருக்கற பொண்ணு பஞ்சாப், என்னைவிட எவ்வளவோ வெளுப்பு, அவளுக்கும் அதே பதில்தான்பா" என்றாள். வார்த்தையை எங்கே வைக்க வேண்டும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகவே தெரிகிறது.

போன பொங்கலுக்கு வந்திருந்தாள். வயது இருபத்தாறு, வரன் பேச்சு எடுக்கலாமா என்று கேட்டதற்குச் சரி என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே தரகர் போன் பண்ணினார். படிப்பு, நட்சத்திரம், சம்பளம் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், "பிள்ளை என்ன கலர் அண்ணாச்சி?" என்றார். என் மகள் என்னை மாதிரி. நல்ல கறுப்பு. இத்தனை வருடம் கவுண்டரில் நின்று பேசின வாய், ஒரு நொடி நின்றது. அப்புறம் தானாகச் சொன்னது: "மாநிறம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவோரம் கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

"ஒரு ஸ்டாப் ஏத்திட்டீங்கப்பா" என்றாள்.